இரண்டு சுற்றா, மூன்று சுற்றா?

அத்தியாயம் 11

எங்கள் குடும்பத்தில் யாரும் நடுவர்களின் அறைக் கதவைத் தட்டியதில்லை. நாற்பது வருடங்களாக நான் காப்பாற்றி வரும் கட்டுப்பாடு அது. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றவன் நானேதான்.

போன வாரம் வரை உடன் வந்தவர்களுக்கு என் தம்பி மகள் ஐலாவைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் இரும்புச் சுரங்க ஊர்க்காரர்கள். எங்கள் ஊரின் ஐஸ் அரங்கமான ரிங்க், ஹாக்கிப் பையன்களின் ராஜ்யம். ஸ்கேட்டிங் ஆடும் பெண்களுக்கு அந்தப் பையன்கள் தூங்குகிற நேரம்தான் கிடைக்கும். ஐலாவுக்கு இப்போது இருபது வயது. ஆறு வயதிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு அவளை அங்கே கொண்டுபோய் விடுவது அவள் அம்மா டெனீஸ். அதற்கு முன்பே போய், ஐஸைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டி, அதைக் கண்ணாடியாக்கி வைத்திருப்பது அவள் அப்பா, என் தம்பி ராட்னி. ரிங்கில் அவனுக்கு அதுதான் வேலை.

எங்கள் மண்டலத்திலிருந்து முதல் நான்கு பேர் தேசியப் போட்டிக்குப் போகலாம். ஐந்தாவது ஆள் வீட்டுக்குப் போகலாம். ஐலா இரண்டு முறை ஐந்தாவதாக வந்தவள். எங்கள் வீட்டில் அது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. காப்பி ஆறிப் போனால், "இது அஞ்சாம் இடம், வேற போடுங்க" என்பாள்.

போன வருடம் இடுப்பில் அறுவைச் சிகிச்சை. இந்த வருடம் அவளே ஒரு முடிவு சொல்லிவிட்டாள். தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றால் ஆடுவாள். பெறாவிட்டால் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, ஜனவரியில் செவிலியர் கல்லூரி.

ராட்னியால் போட்டி நடக்கும் மிச்சிகனுக்கு வர முடியவில்லை. ஊரில் அன்று ஹாக்கிப் போட்டி, ஐஸ் வண்டிக்கு அவனை விட்டால் ஆளில்லை. அதனால் பெண்ணின் அம்மாவோடும் பயிற்சியாளர் பெவர்லியோடும் துணைக்குப் போனவன் நான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் இருபது வருடம் ஸ்கேட்டிங் நடுவராக இருந்தவன். 1984-ல், நான் நடுவரான புதிதில், இதே மண்டலப் போட்டியில் பதினெட்டு வயது ராட்னி மூன்றாம் இடம் பெற்றான். அந்தக் காலத்தில் ஐஸில் வட்டம் வரைவதற்கும் மதிப்பெண் உண்டு. ஆடுகிறவன் ஒற்றைக் காலில் வட்டம் போட்டுவிட்டு விலகி நிற்பான். நடுவர்கள் கோட்டுப் பையில் கையை விட்டபடி வந்து, குனிந்து, ஐஸில் கிடக்கும் கோட்டைப் பார்ப்பார்கள். ராட்னிக்குப் பதக்கம் வாங்கித் தந்தது அந்த வட்டங்கள்தான். அண்ணன்காரன் நடுவராக இருக்கும்போது வட்டம் கோணலாகவா தெரியும் என்று நாலு பேர் பேசினார்கள். நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று நான் உட்கார்ந்திருந்தது பெண்கள் பிரிவில், கட்டிடத்தின் மறுகோடியில். ஆனாலும் பேச்சு ஒட்டிக்கொண்டது. ராட்னி மறுவருடமே ஆட்டத்தை விட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் அந்தக் கட்டுப்பாடு. எங்கள் கிவெலா குடும்பத்தார் ஆடும் இடத்தில் கிவெலா குடும்பத்தார் யாரும் நடுவர்கள் இருக்கும் பக்கமே தலை வைப்பதில்லை.

இனி, சனிக்கிழமை.

முதல் நாள் குறுநிகழ்ச்சியில் ஐலா ஆறாவது. சனிக்கிழமை மதியம் நெடுநிகழ்ச்சிக்கு இறங்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அதுவே நல்ல அடையாளம். பயந்தால் அவள் சிரிப்பாள்.

நான் மேல் வரிசையில் உட்கார்ந்து, வழக்கப்படி நிகழ்ச்சிநிரலின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். பழைய நடுவனின் கை. சொன்னாலும் நிற்காது. ஒவ்வொரு தாவலுக்கும் எத்தனை சுற்று என்று ஓர் எண். சால்கோ என்கிற தாவல் அவள் ஆட்டத்தில் இரண்டு தடவை வரும்; முதல் சால்கோவில் மூன்று சுற்றுக்குப் போனவள், காற்றில் ஏதோ சரியில்லை என்று பட்டதோ என்னவோ, இரண்டிலேயே கையை விரித்து இறங்கிவிட்டாள். சுத்தமான இறக்கம்தான். "2" என்று போட்டேன்.

அதன் பிறகு ஒரு குறை இல்லை. கடைசிப் பகுதியில் வரும் இரண்டாவது சால்கோவில் மூன்று சுற்றும் முழுசாக வந்தது. அதோடு ஒட்டி இன்னொரு சிறு தாவல் வரவேண்டியது, இறக்கம் இறுகியதால் விட்டுவிட்டாள். பாதகமில்லை. இசை முடிந்தபோது என் பக்கத்தில் டெனீஸ் எழுந்து நின்றிருந்தாள். வீடியோ எடுக்கும் கை மட்டும் அசையவில்லை. பதினான்கு வருடப் பழக்கம்.

எல்லோரும் ஆடி முடித்தபோது, இரண்டு நாள் மதிப்பெண்ணும் சேர்த்துப் பலகையில் ஐலாவின் பெயர் நான்காவதாக நின்றது. 158.32. ஐந்தாவது கெல்சி என்று ஒரு மிச்சிகன் பெண், 156.58. டெனீஸ் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் வைத்து அழுதாள். நான் அழுகிறவன் இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன்.

பதக்கம் வழங்குவது நாலரை மணிக்கு.

எல்லோரும் மதிப்பெண் விவரத்தைப் போனில் பார்ப்பார்கள். எனக்குச் சுவரில் ஒட்டும் தாள்தான் தாள். சிற்றுண்டிக் கடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். பெருமைக்காகத்தான் போனேன், மறைப்பானேன். பெயரைப் பார்த்தேன். வரிசையாகப் படித்தேன்.

முதல் சால்கோ: மூன்று சுற்று. 4.30.

என் பென்சில் தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு.

எனக்கு எழுபத்திரண்டு வயது. கண்ணில் ஒரு லென்ஸ் மாற்றியாகிவிட்டது. அதனால் டெனீஸைத் தேடிப் போய், அந்த வீடியோவைக் கொஞ்சம் காட்டேன் என்றேன். ஆசையாகக் கேட்கிறேன் என்று நினைத்து மகிழ்ச்சியோடு காட்டினாள். முதல் சால்கோ வந்ததும் நிறுத்தச் சொன்னேன். மெதுவாக ஓட்டச் சொன்னேன். திரும்பவும் ஓட்டச் சொன்னேன்.

இரண்டு சுற்று. இரண்டே இரண்டு. என்னைப் போலவே டெனீஸும் எண்ணினாள். அவள் உதடு அசைவது தெரிந்தது.

நான் சுவர்த் தாளைப் பற்றிச் சொன்னேன். அவள் போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அத்தான், இதை இதோட விட்டுடுங்க."

"டெனீஸ்..."

"சுத்து எண்ணன்னே மூணு பேர் குழு உக்காந்திருக்கு. திருப்பிப் போட்டுப் பாக்க அவங்ககிட்ட கேமரா இருக்கு. அவங்க மூணுன்னு சொன்னா மூணுதான். ரெண்டு வருஷம் முன்னாடி நல்லாக் குதிச்சதுக்குக் கால் சுத்துக் கம்மின்னு பிடுங்கினாங்களே, அதை யாராவது திருப்பிக் குடுத்தாங்களா?"

அது வேறு, இது வேறு என்றேன். கால் சுற்றுக் குறைவு என்பது குழுவின் தீர்ப்பு. அது சரியோ தப்போ, யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. ஆனால் இரண்டைக் குழுவில் யாரும் மூன்றாகப் பார்த்திருக்க முடியாது. என்னென்ன ஆடப்போகிறாள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பட்டியல் கணினியில் ஏற்கெனவே ஏறியிருக்கும். குழு சொல்லச் சொல்ல, பதிகிறவர் மாற்றிக்கொண்டே வரவேண்டும். இந்த ஒன்றை மாற்ற விட்டுவிட்டார். விரல் பிசகு. விரல் பிசகைப் பதக்கம் கொடுக்கும் வரைக்கும் திருத்தலாம். கொடுத்துவிட்டால் அப்புறம் யாராலும் தொட முடியாது.

"அப்ப நாலரை வரைக்கும்தானே?" என்றாள் டெனீஸ். மணி அப்போது மூன்று ஐம்பது. "நாப்பது நிமிஷம் நீங்க ஒரு காப்பி குடிச்சுட்டு உக்காந்திருந்தா, அவ வாழ்க்கையில ஒரு தடவை தேசியப் போட்டியில நிப்பா. இடுப்புல கம்பி வெச்சுக்கிட்டு ஆடின பொண்ணு அத்தான். நாம திருடல. யாரையும் கெஞ்சல. அவங்களாக் குடுத்தது."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பதினான்கு வருடம் இருட்டில் கார் ஓட்டியவள் கேட்கிறாள்.

சிற்றுண்டிக் கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, பென்சில் தாளின் மூலையில் கணக்குப் போட்டேன். மூன்று சுற்றுக்கு 4.30. இரண்டு சுற்றுக்கு 1.30. திருத்தினால் மூன்று புள்ளி போகும். கெல்சியைவிட ஐலா முன்னால் இருப்பதோ 1.74. மறுபடி ஐந்தாம் இடம். மூன்றாவது முறையாக.

சுவர்த் தாளில் இரண்டாவது சால்கோவுக்குப் பக்கத்தில் வேறேதோ ஒரு சின்னக் குறி இருந்ததும் நினைவில் இருந்தது. என் காலத்தில் இல்லாத குறிகள் அந்தத் தாளில் ஏராளம். இந்தப் புது முறை வந்தபோதுதான் நான் நடுவர் வேலையை விட்டேன். குறியைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

இரண்டு மேசை தள்ளிக் கெல்சி உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது இருக்கும். கணுக்கால்களில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு வறுவலைத் தக்காளிச் சாஸில் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, எழுந்து வந்து வாழ்த்துச் சொன்னார். உங்கள் பெண் பட்ட கஷ்டத்துக்கு இது கிடைக்கவேண்டியதுதான் என்றார். நல்ல மனுஷி. கெல்சி வாயில் வறுவலோடு, ஐலாவின் கடைசிச் சுழற்சியைப் பார்த்துத் தனக்கு மூச்சே நின்றுவிட்டதாக அவளிடம் சொல்லச் சொன்னாள்.

சொல்கிறேன் என்றேன். தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சொன்னேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அதற்கப்புறமும் பத்து நிமிடம் நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. நடுவர்கள் பக்கம் போவதில்லை என்பது குடும்பக் கட்டுப்பாடு ஆயிற்றே, நான் எப்படிப் போவது? நாற்பது வருடம் மானத்துக்காக வைத்திருந்த கட்டுப்பாடு, அந்தப் பத்து நிமிடம் எனக்கு வசதியாக இருந்தது. அது புரிந்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

எழுந்தபோது டெனீஸ் எதிரே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"போங்க" என்றாள். "நான் தடுக்கல. ஆனா அவகிட்ட நீங்கதான் சொல்லணும். என்னால முடியாது."

நடுவர்கள் அறை கட்டிடத்தின் பின்பக்கம், உடைமாற்றும் அறைகளைத் தாண்டி ஒரு நீள நடைபாதையின் கடைசியில் இருந்தது. தரையெல்லாம் ஸ்கேட்டிங் காலணியின் கத்தி முனை மழுங்காதபடிக்கு ரப்பர். என் காலடிச் சத்தமே கேட்கவில்லை. கதவுக்கு முன்னால் போய் நின்று, கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, கையைத் தூக்கினேன்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. வெளியே வந்தவள் ஐலா. பின்னால் பெவர்லி.

ஐலா என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியப்பா, வழி தெரியாம வந்துட்டீங்களா? இந்தப் பக்கம் வந்தா கால் ஒடிஞ்சிடும்னு சொல்வீங்களே."

என் கையில் இருந்த தாளைத்தான் அவள் பார்த்தாள்.

"பென்சில் பேப்பரா?"

"ஆமா."

"ரெண்டுன்னு போட்டிருப்பீங்க."

"ரெண்டுன்னுதான் போட்டிருக்கேன்."

"ரெண்டுதான் பெரியப்பா. குதிச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

மதிப்பெண்ணுக்காகப் பெஞ்சில் காத்திருந்தபோதே எண் கூடுதலாக இருந்ததாக அவளுக்குப் பட்டிருக்கிறது. உடை மாற்றும்போது போனில் விவரத்தைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் பெவர்லியை அழைத்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள். அவள் சொன்னதைக் கேட்டு, குழுவினர் மூவரும் உள்ளே பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடையில் உட்கார்ந்து மூலையில் கணக்குப் போட்ட நேரமெல்லாம் அவள் இந்தக் கதவுக்குள் இருந்திருக்கிறாள்.

"எவ்வளவு குறையும்னு கணக்குப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாக்கல. பெவர்லி சொல்ல வந்தாங்க, சொல்லாதீங்கன்னுட்டேன். கணக்குப் போட்டா கால் இந்தப் பக்கம் வராது."

நான் போட்ட கணக்கு என் கையில் இருந்தது. அதை மடித்து உள்பையில் வைத்தேன்.

சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. மூவரும் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் நடைபாதையின் மறுமுனையில் டெனீஸ் வந்தாள். மகளைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஐலா எழுந்து நின்று, "அம்மா, நானே வந்து சொல்லிட்டேன்" என்றாள். அடி வாங்கத் தயாராக நிற்கிற குழந்தை மாதிரி இருந்தது.

டெனீஸ் மகளின் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து விட்டாள். கைப்பையிலிருந்து, கிழங்கும் இறைச்சியும் வைத்து வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த பேஸ்டியை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தாள்.

"காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

ஐலா அதைக் கடித்தாள். மென்றபடியே அழுதாள். டெனீஸ் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். செவிலியர் கல்லூரிக்கு எத்தனையாம் தேதி போகவேண்டும் என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலே காலுக்குக் கதவு திறந்தது. தலைமை நடுவர் மார்ஜரி வெளியே வந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். முப்பது வருடமாகத் தெரியும், ஆனால் ஐலா ஆட வந்த நாளிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் தலையசைத்ததோடு சரி. எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ஐலாவைப் பார்த்துப் பேசினார். பதிவில் பிழை நடந்தது உண்மை. குழு மூவரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் சால்கோ இரண்டு சுற்று என்று திருத்தப்பட்டது. தானே வந்து சொன்னதற்காக அவளுக்கு நன்றி.

பிறகு கையிலிருந்த தாளைப் படித்தார்.

"திருத்தின மொத்தம் நூத்தி அம்பத்தாறு புள்ளி ஏழு நாலு. நாலாவது இடம்."

டெனீஸ் மகளின் கையைப் பற்றினாள்.

நான்தான் பேசினேன். "மார்ஜரி, கணக்கு தப்பு."

"என்ன தப்பு?"

"மூணு புள்ளி குறையணும். ஒண்ணரை மாதிரிதான் குறைச்சிருக்கீங்க. மறுபடியும் கூடுதலாப் போட்டிருக்கீங்க. சரியாப் பாருங்க."

"அத்தான்," என்றாள் டெனீஸ், மிக மெல்லிய குரலில், "உங்க கால்ல விழறேன், வாயை மூடுங்க."

மார்ஜரி இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

"ஆர்வோ, நீங்க விட்டுட்டுப் போனப்பறம் ரெண்டு மூணு சட்டம் வந்திருக்கு. பெவர்லி, அவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நான் போய் இதைச் சுவர்ல ஒட்டணும்."

பெவர்லி என் தாளையே வாங்கி, அதன் மேலேயே எழுதிக் காட்டினாள். மூன்று சுற்றுத் தாவல் ஒன்றையே இரண்டு முறை தனித்தனியாகச் செய்தால், இரண்டாவதற்கு எழுபது சதவீதம்தான் தருவார்கள். முதல் சால்கோவைக் கணினி மூன்று சுற்று என்று நம்பிக்கொண்டிருந்ததால், ஐலா பின்னால் உண்மையாகவே செய்த மூன்று சுற்றை இரண்டாம் தடவை என்று எடுத்துக்கொண்டு அதில் முப்பது சதவீதத்தை வெட்டிவிட்டது. நான் பொருட்படுத்தாமல் விட்ட அந்தச் சின்னக் குறி அதுதான். முதலாவது இரண்டு சுற்று என்று திருத்தியதும் வெட்டு நீங்கிவிட்டது. கடைசிப் பகுதித் தாவலுக்கு உண்டான கூடுதலோடு சேர்த்து 1.42 திரும்பி வந்தது. போனது மூன்று. வந்தது ஒன்று நாற்பத்திரண்டு. ஆக நிகரமாகக் குறைந்தது 1.58.

அவளுக்கு இல்லாத ஒன்றைக் கொடுத்த அதே பிழை, அவள் சம்பாதித்த ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தது. அவள் முதலாவதைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது தானாக வந்து சேர்ந்தது.

கெல்சிக்கும் அவளுக்கும் இடையில் 0.16.

பெஞ்சில் உட்கார்ந்தேன். நல்லவேளை பெஞ்சு இருந்தது.

"நீங்க முன்னாடியே கணக்குப் போட்டீங்களா பெரியப்பா?" என்று ஐலா கேட்டாள்.

"போட்டேன்."

"எத்தனாவது வந்தேன்?"

"அஞ்சாவது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயில் இருந்த பேஸ்டி ஜாக்கெட்டில் சிதறியது. டெனீஸும் சிரித்தாள், பெவர்லியும் சிரித்தாள். உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்து, கொஞ்சம் சத்தம் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். நடுவர்கள் அறை வாசலில் சத்தம் போட்டதற்காகக் கிவெலா குடும்பம் திட்டு வாங்கியது அதுவே முதல் தடவை. எனக்கு அது கொஞ்சமும் உறைக்கவில்லை.

திரும்பி வரும்போது சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. கெல்சியின் அம்மா அதன் முன்னால் நின்றிருந்தார். பழைய எண்ணும் புது எண்ணும் அவருக்குத் தெரியும். ஏன் மாறியது என்பதையும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஐலாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். கெல்சி ஐஸ் பையோடு நொண்டி நொண்டி வந்து, "அடுத்த வருஷம் நான்" என்றாள். "வா, வா. எனக்கும் வயசாச்சு" என்றாள் ஐலா.

நாலரைக்குப் பதக்கம் கொடுத்தார்கள். நான்காம் இடத்துக்கு வெள்ளீயம். தங்கம், வெள்ளி, வெண்கலத்துக்கு அடுத்து அந்த மங்கலான சாம்பல் வட்டு. மேடையின் கடைசிப் படியில் ஐலா நிமிர்ந்து நின்றாள். எங்கள் குடும்பத்தார் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி. நான் கைதட்டினேன். கை வலிக்கும் வரை தட்டினேன்.

டெனீஸ் ராட்னிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அழுதாள், சிரித்தாள், நான் மார்ஜரியிடம் வம்புக்குப் போனதைத் தேவைக்கு மேலேயே விவரித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "உங்ககிட்டப் பேசணுமாம்."

கூட்டம் இல்லாத பக்கமாக நகர்ந்து நின்றேன். அந்த முனையில் ஐஸ் வண்டியின் இரைச்சல் கேட்டது. பிறகு அது நின்றது.

"அண்ணா, அவளே போய்ச் சொன்னாளா?"

"அவளேதான். நாங்க யாரும் சொல்லல. அவளுக்கு அப்புறம்தான் நான் போனேன்."

"தோத்துடுவோம்னு நெனச்சுக்கிட்டா?"

"ஆமா."

ஹாக்கிப் பையன்கள் மட்டையால் தடுப்பைத் தட்டுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நம் வீட்டுப் பெண்ணடா ராட்னி, இனி எவனும் வாய் திறக்க முடியாது என்று சொல்லப் போனேன்.

"எனக்கு அது வரல அண்ணா" என்றான் அவன்.

"எது வரல?"

"எண்பத்துநாலு. உங்களைப் பத்தி ஊர் பேசிச்சே, அது பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஏன்னா..." அவன் மூச்சு இழுப்பது கேட்டது. "மூணாவது வட்டம். அன்னைக்கு நடுவருங்க குனிஞ்சு பாத்தது என் வட்டமே இல்ல. பக்கத்துல வேறொருத்தன் சுத்தமாப் போட்டுட்டுப் போனது. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், வாயத் தொறக்கல."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வீட்டுக்கு வாங்க. உக்காந்து பேசுவோம்" என்றான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். ஐஸ் வண்டி மறுபடி உறுமியது. போன் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். ஐலா பதக்கத்தைக் கெல்சியின் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். டெனீஸ் முகம் முழுக்கச் சிரிப்போடு என் பக்கம் வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"என்ன சொன்னார் அத்தான்?"

"வழியெல்லாம் பனியாம். நாளைக்கு மெதுவா ஓட்டிக்கிட்டு வரச் சொல்றான்" என்றேன்.